சந்தனம் வைத்த பென்டிரைவ்

“தொட்டீங்களா, தொடலையா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி!”

“தொட்டேனுங்க அண்ணி. துடைச்சேன். ஆயுத பூஜை நோம்பிக்குத் துடைக்கறது ஒரு குத்தமுங்களா?”

“எதைத் துடைச்சீங்க?”

“எல்லாத்தையுந்தானுங்க!”

“அதைத்தான் கேக்கறேன். எல்லாத்தையும்னா எதை?”

விஜயதசமி காலை எட்டரை மணிக்கே சத்தம் முதலிபாளையம் தொழிற்பேட்டையின் மூன்றாவது வீதிவரை கேட்டது. எதிர் ஷெட்டில் முந்தின நாள் கட்டிய வாழைக்கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் அவிழ்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கொங்குச் சண்டையில் ஒரு வசதி உண்டு. கோபம் எவ்வளவு ஏறினாலும் ‘ங்க’ மட்டும் இறங்காது. தூரத்திலிருந்து கேட்டால் விருந்துக்கு அழைக்கிறார்கள் என்றே தோன்றும்.

உள்ளே விருந்தெல்லாம் இல்லை. மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனி ஆபீஸ் அறையில், கம்ப்யூட்டருக்கு முன்னால் மூத்த மருமகள் நாகஜோதி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சின்ன மகன் தரணி, கையில் பொரிப் பொட்டலத்தோடு. மானிட்டரின் நெற்றியில் மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம். அதற்குக் கீழே திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி: நீங்கள் கேட்கும் பேக்கேஜ் இங்கே இல்லை.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கம்பெனி அனுப்பிய குழந்தைச் சட்டைகள் ஒரே துவையலில் சுருங்கி, ஐந்து வயதுக்காரன் சட்டை மூன்று வயதுக்காரனுக்குக்கூடப் பத்தாமல் மொத்தமும் திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நாகஜோதிக்கு ஆபீஸில் ஒரு மேஜை கிடைத்தது. சாம்பிள் துணியை மூன்று தடவை துவைத்து, அளந்து, கம்ப்யூட்டரில் போட்டு, இந்தத் துணி இத்தனை சதம் சுருங்கும் என்று அவள் பேப்பர் கொடுத்த பிறகுதான் கத்தரி படும். அந்தப் பேப்பருக்காகக் காத்திருப்பது மாமனாருக்குக் கசப்பு மருந்து. இந்த முறை அவர் கண்டிப்பாகவே சொல்லியிருந்தார்.

“விஜயதசமி அன்னிக்குப் பத்தே முக்கால்ல இருந்து பதினொன்னே முக்கால் வரைக்கும் நல்ல நேரம். கருநீலத் துணி லாட்டுக்கு அதுக்குள்ள முதல் வெட்டு. உன்ற பேப்பர் வந்தாப் பேப்பர்படி. வரலையா, என்ற கணக்குப்படி அஞ்சு பர்சென்ட்டு சுருங்கும்னு வெட்டிருவோம். மறுநாள்ல இருந்து நீ ஊட்டைப் பார்த்துக்க அம்மிணி. டெஸ்டிங்குக்கு உடுமலைப்பேட்டையில இருந்து வெளியாள் வரச் சொல்லிட்டேன்.”

ஆக, இன்றைக்குப் போவது துணியல்ல, நாகஜோதியின் நாற்காலி. அவள் கணவன் குமரனோ கன்டெய்னரோடு தூத்துக்குடியில் இருக்கிறான். போனில் “நீ சமாளிச்சுக்குவே” என்று சொல்வதற்கு அவனை விட்டால் ஆளில்லை.

“சொல்லுங்க தம்பி. சாஃப்ட்வேரை என்ன பண்ணினீங்க?”

தரணி பொரியை மென்று முடித்தான். “பழசு நாலு புள்ளி மூணு இருந்துச்சுங்க. புதுசு நாலு புள்ளி அஞ்சு வந்திருக்குதுன்னு போட்டிருந்தான். நோம்பிக்கு ஃபிட்டர் ஊசி மாத்தறாரு, கட்டிங் மாஸ்டர் கருப்புசாமி பிளேடு மாத்தறாரு. அப்பா என்னைப் பார்த்து, ‘நீ என்றா மாத்தினே’ன்னாரு. அதானுங்க.”

“பழசு?”

“கழட்டிட்டனுங்க.”

“அதோட ஃபோல்டரு?”

“மூணு ஜிபி வேஸ்ட்டு கெடந்துச்சு. கூட்டித் தள்ளிட்டேன்.”

“ரீசைக்கிள் பின்ல இருக்குமில்ல?”

“அதையுங் காலி பண்ணிட்டனுங்க. குப்பையைக் கூட்டி மூலையில குமிச்சு வெச்சா நல்லாவா இருக்கும்?”

நாகஜோதி கண்ணை மூடித் திறந்தாள். அந்த மூணு ஜிபி வேஸ்ட்டில்தான் அவளுடைய இரண்டு வருஷம் இருந்தது.

அவள் வைத்திருக்கும் சாஃப்ட்வேர் தனியாக நின்றால் ஊசி இல்லாத நிட்டிங் மிஷின் மாதிரி. கூட்டினால் கூட்டும், பெருக்கினால் பெருக்கும், அவ்வளவுதான். அளவுத் தாளைத் திறக்க ஒரு பேக்கேஜ், படம் வரைய ஒன்று, சுருக்கத்துக்கு வரம்பு போட ஒன்று என்று உலகத்தில் யார் யாரோ எழுதி இலவசமாக வைத்திருப்பதை ஏற்றினால்தான் வேலை நடக்கும். ஏற்றியதெல்லாம் அந்தந்த வெர்ஷனுக்கென்று இருக்கும் ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். புது வெர்ஷன் வந்தால் புது ஃபோல்டர், சுத்தமாகக் காலி. நாலு புள்ளி மூணை அப்படியே விட்டுவிட்டு நாலு புள்ளி அஞ்சைப் பக்கத்தில் போட்டிருந்தால் ஒரு கஷ்டமும் இல்லை. தரணி கூட்டித் துடைத்துக் கோலம் போடாத குறையாக வைத்துவிட்டான்.

“என்னென்ன பேக்கேஜ்னு சொல்லுங்கண்ணி, மறுபடி ஏத்திக்கலாம். லிஸ்ட் இருக்குமில்லீங்க?”

இங்கேதான் நாகஜோதி மாட்டிக்கொண்டாள். தையல் ஹாலில் ஒரு கட்டுக்கு, என்ன துணி, எத்தனை உருப்படி என்று எழுதிய லாட் கார்டு கட்டவில்லை என்றால் டெய்லரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவள். ‘எழுதி வைக்கலைன்னா எப்படித் தெரியும்’ என்பது அவள் வாயிலிருந்து நாளைக்கு நாலு தடவை வரும் வாக்கியம். சொந்தக் கம்ப்யூட்டரில் எதை எதை ஏற்றினோம் என்று அவள் ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வைத்ததில்லை.

“இல்லை,” என்றாள்.

தரணி பெருந்தன்மையாகப் பொரியை நீட்டினான்.

ஒன்பது மணியிலிருந்து அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு தேட ஆரம்பித்தாள். புரோகிராமை ஓட்டுவாள். ‘இந்தப் பேக்கேஜ் இல்லை’ என்று நிற்கும். அதை நெட்டிலிருந்து இறக்குவாள். அது தனியாக வராது, கல்யாணத்துக்கு வரும் ஒறம்பரை மாதிரி இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வரும். எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு மறுபடி ஓட்டினால், ‘அதோ அந்தப் பேக்கேஜ் இல்லை.’

நடுவில் இரண்டு தடவை நெட் போனது. ஒரு தடவை, மேஜைக்கு அடியில் கிடந்த பொரியைக் கூட்ட வந்த தரணி வயரைக் காலால் இழுத்துவிட்டான்.

“தம்பி, தயவுபண்ணி இனிமே எதையும் கூட்டாதீங்க.”

பத்து மணிக்குப் பதினோரு பேக்கேஜ் ஏறியிருந்தது. பன்னிரண்டாவதுதான் சுருக்கத்துக்கு வரம்பு போடுவது. அதை இறக்கச் சொன்னால் புது வாக்கியம் வந்தது: இந்த வெர்ஷனுக்கு இது கிடையாது.

அதை எழுதிய ஆள் பராமரிப்பதை நிறுத்திவிட்டார். பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். உலகத்தில் எந்த மூலையிலோ இருக்கும் அந்த முகம் தெரியாத ஆளை நாகஜோதி மனசுக்குள் திட்டினாள். இலவசமாகக் கொடுத்தவரைத் திட்டக் கூடாதுதான். ஆனால் மணி பத்து ஆகிவிட்டதே!

தலையைப் பின்னால் சாய்த்தாள். எதிர் மேஜையில் சரஸ்வதி படம். படத்தடியில் நேற்றைய பூஜைக்கு வைத்த பொருள்கள்: கணக்கு நோட்டுகள், முதல் வெட்டுக்கான பெரிய கத்தரி, ஒரு பெட்டி ஊசி. கத்தரிக்கும் ஊசிக்கும் நடுவில், பொட்டு வைத்த சிவப்புப் பென்டிரைவ்.

நாகஜோதி எழுந்து நின்றுவிட்டாள்.

நேற்று மாமியார் சுப்பாத்தாள், “எல்லாத்துக்கும் ஆயுதம் இருக்குது, உன்றது எங்க அம்மிணி?” என்று அவசரப்படுத்தியபோது சாவிக்கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தது அது. ஆடி மாதம் கம்ப்யூட்டர் கரகரவென்று சத்தம் போட்ட சமயத்தில், பயந்து போய் அந்தப் பேக்கேஜ் ஃபோல்டரை முழுசாக அதில் நகல் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பன்னிரண்டாவதும் அதில் இருக்கிறது.

கை நீட்டினாள். ஐந்தடி தூரம்.

“அம்மிணி!”

மேஜையோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்த சுப்பாத்தாள் ஊசியைக்கூடக் கீழே வைக்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

“மறுபூஜை ஆவறதுக்கு முன்னால அதைத் தொடக் கூடாது.”

“ஒரே நிமிசமுங்க அத்தை. எடுத்துட்டு மறுபடியும் வெச்சர்றேன்.”

“உங்க மாமா நேத்திருந்து கணக்கு நோட்டையே தொடலை. பேங்க்காரன் போன் பண்ணினான், நோட்டு பூஜையில இருக்குதுன்னு வெச்சுட்டாரு.”

“அப்ப மறுபூஜையை இப்பவே பண்ணிரலாமுங்களா?”

“பத்தே முக்காலுக்கு மேலதான் நேரம்.”

“அத்தை, பத்தே முக்காலுக்கு மாமா கத்தரியை எடுத்துருவாரு. என்ற சோலி போயிருமுங்க.”

சுப்பாத்தாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அவரு கத்தரியும் இங்கதான அம்மிணி கெடக்குது? அதுவும் பத்தே முக்காலுக்குத்தான் எந்திரிக்கும்.”

மாமியார் தனக்குச் சாதகமாகப் பேசினாளா, இல்லை சாஸ்திரம் மட்டும் பேசினாளா என்று நாகஜோதிக்குப் புரியவில்லை. அந்தக் குடும்பத்தில் முப்பத்தைந்து வருஷமாக யாருக்கும் அது புரிந்ததில்லை.

நாற்பது நிமிஷம் ஒரு பென்டிரைவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தரணி மட்டும் தெம்பாக இருந்தான்.

“இனி என்னங்கண்ணி? எடுக்கறோம், சொருகறோம், அதுல இருக்கறதை அள்ளிப் புது ஃபோல்டர்ல கொட்டறோம். பத்து நிமிச வேலை.”

அவளுக்கு எங்கேயோ உறுத்தியது. ஆனால் உறுத்தலை எடுத்துப் பார்க்கும் நிலைமையில் அவள் இல்லை.

பத்தே முக்காலுக்கு மணி அடித்தது. கற்பூரம் காட்டியானது. மகுடேஸ்வரன் கத்தரியைக் கண்ணில் ஒற்றி எடுத்தார். அதே நேரத்தில் நாகஜோதி பென்டிரைவைக் கண்ணில் ஒற்றி எடுத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சொருகினால் போகவில்லை. வாய்க்குள் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

“யாருங்க இதுக்குள்ளாற சந்தனம் வெச்சது?”

“மூஞ்சி எது முதுகு எதுன்னு தெரியல கண்ணு,” என்றாள் சுப்பாத்தாள். “ரெண்டு பக்கமும் வெச்சுட்டேன்.”

தரணி பூஜை ஊசிப் பெட்டியிலிருந்து ஒரு ஊசியை எடுத்துச் சுரண்டிக் கொடுத்தான். அந்த நாளில் அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. சொருகியதும் திரையில் பென்டிரைவ் தெரிந்தது. ஆனால் உள்ளே இருந்தது ஆயிரக்கணக்கான பொடிப் பொடிக் கோப்புகள். நகல் எடுக்க நாற்பத்தேழு நிமிஷம் என்றது திரை. பிறகு பன்னிரண்டு என்றது. பிறகு முப்பது. ஒருவழியாக முடிந்தபோது பதினொன்று பத்து.

புரோகிராமை ஓட்டினாள்.

சிவப்பு. திரை கொள்ளாத சிவப்பு. இது வேறு வெர்ஷனில் செய்தது, அதுவும் வேறு வெர்ஷனில் செய்தது. இதை ஏற்ற முடியாது, அதனால் அதையும் முடியாது. காலையில் கஷ்டப்பட்டு ஏற்றிய பதினொன்றின் மேலேயே பழசைக் கொட்டிவிட்டதால், ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோனது.

“அதெப்படீங்க? அதே பேக்கேஜுதான?” என்றான் தரணி.

உறுத்தியது என்னவென்று அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“நிட்டிங் மிஷின்ல ஊசி நிக்கற சிலிண்டரு இருபத்தெட்டு கேஜா இருக்கறப்ப, இருபத்திநாலு கேஜ் ஊசியைப் போட்டா ஓடுமுங்களா தம்பி? நீங்க சிலிண்டரையே மாத்திட்டீங்க! நானும் புத்தி கெட்ட மசையாட்டம் உங்க பேச்சைக் கேட்டுட்டுப் பழைய ஊசியைக் கொண்டாந்து அதுல குத்தறேன்! ஒடையாம என்ன பண்ணும்?”

கதவருகில் செருமல் கேட்டது. மகுடேஸ்வரன், கையில் கத்தரியோடு. சொந்தமாக ஷெட் போடுவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் நிட்டிங் ஃபிட்டராக இருந்தவர். கம்ப்யூட்டர் பேச்சு காதில் விழுந்தால் எழுந்து போகிறவர், சிலிண்டர் என்றதும் உள்ளே வந்துவிட்டார்.

“பழைய சிலிண்டர் எங்க?”

“கழட்டி எறிஞ்சுட்டாருங்க மாமா.”

“பழைய இரும்புக்கா?”

“இல்லீங்க, நெட்டுல அதே பழசு இன்னும் கெடைக்குது. சும்மாவே எடுத்துக்கலாம்.”

“அதை மாட்டோணும்னா இந்தப் புதுசைக் கழட்டோணுமா?”

“வேண்டாமுங்க. ரெண்டும் ஒரே கம்ப்யூட்டர்ல இருக்கும். எது வேணுமோ அதை ஓட்டிக்கலாம்.”

மகுடேஸ்வரன் மெதுவாகத் திரும்பினார். “அப்பறம் எதுக்குடா கழட்டினே?”

தரணியிடம் பொரி தீர்ந்திருந்தது.

“நல்ல நேரம் ஓடுது,” என்றார் மகுடேஸ்வரன் பொதுவாக, யாரையும் பார்க்காமல். ஆனால் கட்டிங் டேபிளுக்குப் போகவில்லை. அங்கேயே நின்றார்.

நாலு புள்ளி மூணு இறங்க ஐந்து நிமிஷம். ஏற மூன்று நிமிஷம். மணி பதினொன்று இருபத்தைந்து.

“மறுபடியும் காப்பி போடோணுமே அண்ணி? அதுக்கு இருவது நிமிசமாகுமே!” தரணி அழாத குறை.

“காப்பியே வேண்டாம்.” அவள் ஒரு வரி அடித்தாள். பேக்கேஜெல்லாம் இந்த வீட்டில் தேடாதே, பென்டிரைவிலேயே போய்ப் பார்த்துக்கொள் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லும் வரி. சந்தனமும் குங்குமமுமாக அந்தச் சிவப்புத் துண்டு துருத்திக்கொண்டு நின்றது. சுப்பாத்தாள் எங்கிருந்தோ வந்து ஒரு மல்லிகைப் பூவை அதன் தலையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஓட்டினாள். சிவப்பு வரவில்லை. ஒரு வரி நகர்ந்தது. இன்னொரு வரி. படம் வந்தது. பிரின்டர் முனகியது. பதினொன்று முப்பத்தெட்டுக்குப் பேப்பர் மகுடேஸ்வரன் கையில்.

நாகஜோதிக்கு மூச்சு வந்தது. எண்ணைப் பார்த்ததும் வந்த மூச்சு நின்றது.

நீளவாட்டில் ஏழே முக்கால் சதம். மாமனார் கணக்கு ஐந்து. போட்டு வைத்திருக்கும் பேட்டர்ன்படி வெட்டினால் சட்டைகள் மறுபடியும் திரும்பி வரும். பேட்டர்னைத் திருத்த ஒரு பகலாவது வேண்டும். அதாவது, காலையிலிருந்து நாயாகப் பாடுபட்டு அவள் கொண்டு வந்த பேப்பர், நல்ல நேரத்தில் வெட்டாதே என்கிறது.

“என்ன போட்டிருக்குது?” கண்ணாடி இல்லாமல் பேப்பரைத் தூரப் பிடித்தார் அவர்.

“இன்னிக்கு வெட்டக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க மாமா.”

சொல்லிவிட்டாள். பொய் சொல்லியிருந்தால் ஒரு வாரத்துக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. தரணி தரையைப் பார்த்தான். ஹாலில் கருப்புசாமி கட்டிங் மிஷினை ஒரு தடவை ஓட விட்டு நிறுத்தினான், வரலாமா என்று கேட்பதுபோல.

மகுடேஸ்வரன் பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்தார். கத்தரியோடு நடந்தார். நாகஜோதி பின்னாலேயே ஓடினாள். டேபிள்மேல் கருநீலத் துணி அடுக்காக விரித்திருந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார். சுவரோரம் நின்ற ரோலில், சாயம் ஏற்றிய டையிங்காரர்கள் தைத்து அனுப்பிய ஓரம், எப்படியும் வேஸ்ட்டுக்குப் போகிற ஓரம், அதில் ஒரு சாண் வெட்டினார். மணி பதினொன்று நாற்பத்திரண்டு.

வெட்டிய துண்டைச் சுப்பாத்தாளின் பூஜைத் தட்டில் போட்டார்.

“வெட்டியாச்சு. கருப்புசாமி, மெயினை ஆஃப் பண்ணு. பேட்டர்னைத் திருத்திட்டு அப்பறம் பார்க்கலாம்.” போகிற போக்கில் திரும்பாமலே சொன்னார்: “நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு அம்மிணி.”

அவ்வளவுதான். அந்த வீட்டில் பாராட்டு என்றால் அதுதான். நாகஜோதி நாற்காலியில் போய் விழுந்து, முதல் வேலையாகப் பென்டிரைவில் இருந்த ஃபோல்டர் பெயர்களையெல்லாம் வரிசையாக ஒரு நோட்டில் எழுதினாள். நூற்று நாற்பத்திரண்டு. அட்டையில் ‘லாட் கார்டு’ என்று தலைப்புப் போட்டாள்.

எல்லாம் சரி. ஒன்றை மட்டும் மகுடேஸ்வரன் மறந்துவிட்டார். வரச் சொன்ன உடுமலைப்பேட்டை ஆளுக்குப் போன் பண்ணி, வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஏழு ஐம்பதுக்கு நாகஜோதி ஆபீஸ் கதவைத் திறந்தபோது அவள் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப் பை. கம்ப்யூட்டர் திரையில் நாலு புள்ளி மூணும் நாலு புள்ளி அஞ்சும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை முகத்தைச் சுளித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. நான் கவிப்பிரியா. சார் எட்டு மணிக்கு வரச் சொன்னாருங்க. ஏனுங்க, இந்தப் பழைய வெர்ஷன் எதுக்கு? எடுத்துரட்டுங்களா?”

அவள் கை மவுஸ்மேல் இருந்தது.

நாகஜோதி என்ன சொன்னாள், நாற்காலியிலிருந்து யார் எழுந்தார்கள் என்பதெல்லாம் ஒரே மூச்சில் சொல்கிற சங்கதி இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது மட்டும் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது. தை மாதக் கடைசி முகூர்த்தத்தில் கவிப்பிரியா தரணியைக் கட்டிக்கொண்டாள். தரணி அவளோடு உடுமலைப்பேட்டைக்கே குடிபோய், மாமனாரின் தேங்காய் மண்டியைப் பார்த்துக்கொள்கிறான். நாகஜோதி முதலிபாளையத்தில் அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். ஆயுத பூஜை வந்தால் உடுமலைப்பேட்டையில் லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் தரணி கையில் துடைக்கிற துணியையே கொடுக்கிறார்களாம்.